சட்டகத்திற்கு வெளியே நிற்கும் ஏரி: வேடந்தாங்கல் பறவை ஒளிப்படங்களும் தமிழ்ப் பறவை எழுத்தும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம் வட்டார நீர்நிலைகளில் எடுக்கப்படும் பறவை ஒளிப்படங்களும் அவற்றோடு வெளியாகும் தமிழ்க் குறிப்புகளும் பறவையை அதன் ஏரியிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இப்பிரிப்பு ஒளிப்படக் கருவியின் இயல்பாலும், அழகு குறித்த வழக்கமான எண்ணத்தாலும், படக்குறிப்பு மொழியின் வறுமையாலும் நேர்கிறது. சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாடல், மா. கிருஷ்ணனின் எழுத்தும் படங்களும், இன்றைய பறவைக் கணக்கெடுப்புப் பட்டியல்கள் ஆகிய மூன்றோடும் இப்படங்களை ஒப்பிட்டு, ஏரி மறைவதால் நேரும் இழப்பு யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லை குறித்து 2020-இல் எழுந்த விவாதம் அவ்விழப்பின் நடைமுறை விளைவை உணர்த்தும் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேடந்தாங்கல், கரிக்கிலி, பறவை நோக்கல், ஒளிப்படம், படக்குறிப்பு, ஏரி, மா. கிருஷ்ணன்

1. முன்னுரை

பறவைகளை நோக்குவதும் ஒளிப்படம் எடுப்பதும் தமிழகத்தில் ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் ஈடுபாடாக இருந்தன. எண்ணியல் கேமராவின் வருகைக்குப் பின் அவை பலரின் பழக்கமாயின. பாலாற்றங்கரை ஊரான ஓரிக்கையிலிருந்து தெற்கே உத்திரமேரூர், கரிக்கிலி, வேடந்தாங்கல் எனச் செல்லும் வழிநெடுக ஏரிகள் உள்ளன. வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்களில் அவற்றின் கரைகளில் கேமராவுடன் நிற்போரைக் காண்பது இன்று வியப்பளிப்பதில்லை. அவர்கள் எடுக்கும் படங்கள் நாட்காட்டிகளிலும் கண்காட்சிகளிலும் இதழ்களிலும் சுற்றுலா வெளியீடுகளிலும் சமூக ஊடகங்களிலும் இடம்பெறுகின்றன. வேடந்தாங்கலை நேரில் காணாத தமிழர் ஒருவரின் மனத்தில் அவ்வூரைப் பற்றிய சித்திரம் ஒன்று இருக்குமாயின், அது பெரும்பாலும் இப்படங்களால் உருவானதாகவே இருக்கும்.

ஆயினும் இப்படங்களை நாம் பாராட்டியுள்ள அளவுக்குத் திறனாய்வு செய்யவில்லை. ஒரு கவிதையிடம் கேட்கும் வினாக்களை ஒளிப்படத்திடமும் கேட்கலாம். எதை முன்னிறுத்துகிறது? எதை விலக்குகிறது? விலக்கியது தற்செயலா, மரபா? அதனருகில் அச்சாகும் இரண்டு வரிக் குறிப்பு படத்திற்கு எதைச் சேர்க்கிறது? இவ்வினாக்களோடு நோக்கும்போது பல படங்களுக்குப் பொதுவான ஒரு பண்பு புலனாகிறது. பறவை மிகத் தெளிவாக இருக்கிறது. அது இருக்கும் ஏரி இல்லை.

தனி ஒளிப்படக்கலைஞர் எவரையும் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வகைமை ஒன்றன் இலக்கணத்தை ஆராய்வதே நோக்கம்.

2. ஆய்வுக்களம்: ஏரியும் பறவையும்

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பது அரசுக் கணக்கு. பழைய செங்கற்பட்டுப் பகுதி ‘ஏரிகளின் மாவட்டம்’ என்றே அறியப்பட்டது. இவை இயற்கையாக அமைந்த நீர்நிலைகள் அல்ல. சரிவான நிலத்தில் கரை எழுப்பி, வரத்துக்கால்வாய் வெட்டி, மதகும் கலங்கலும் அமைத்து மக்கள் உருவாக்கியவை. உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் காலக் கல்வெட்டுகளில் ‘வைரமேக தடாகம்’ எனக் குறிக்கப்படுகிறது. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. அம்முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஏரியைக் காப்பது ஊராட்சியின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக இருந்த நாடு இது.

ஊர்ப்பெயர்களும் இதனைச் சொல்கின்றன. ‘தாங்கல்’ என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றில் ஈறாக வருவது. வேடந்தாங்கல் என்னும் பெயரில் வேடனும் இருக்கிறான், ஏரியும் இருக்கிறது. ஓரிக்கை என்னும் பெயரை ‘ஓர் இரவு இருக்கை’ என விரித்து, காஞ்சியை நீங்கிய திருமழிசையாழ்வாரும் அவரைத் தொடர்ந்த திருமாலும் ஓரிரவு தங்கிய இடம் என்பர் வைணவ மரபினர். பெயராய்வாளர் இவ்விளக்கத்தை ஏற்பினும் மறுப்பினும், வந்து தங்கிச் செல்வோரை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைய, அதன் நீர்ப்பரப்பில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடமைக்கின்றன. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்குகள் எனப் பல இனங்கள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுவதுண்டு. மரத்தைச் சூழ்ந்த நீர், நிலத்தில் திரியும் ஊனுண்ணிகளிடமிருந்து கூட்டைக் காக்கிறது. பறவைகளின் எச்சம் நீரை உரமாக்குகிறது. அந்நீர் மதகின் வழியே வயலுக்குச் செல்கிறது. அதனால் ஊரார் பறவைகளைக் காத்தனர். ஆங்கிலேயப் படையினர் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, காப்புரிமை வழங்கும் ஆவணம் ஒன்றைப் பெற்றனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கப்பட்ட அவ்வுரிமை 1858-இல் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. அரசின் சரணாலய அறிவிப்பு அதற்கு நெடுங்காலத்திற்குப் பின் வந்தது.

ஆகவே வேடந்தாங்கலில் பறவை என்பது தனிப்பொருள் அன்று. கரை, மதகு, மரம், நீர், நத்தை, மீன், நெல், உழவர் என்னும் தொடரின் ஒரு கண்ணி. ஒளிப்படம் இத்தொடரை எவ்வாறு கையாள்கிறது என்பதே நம் வினா.

3. கருவியின் இலக்கணம்

பறவைப் படத்திற்கு விரும்பப்படும் வில்லைகள் 400 முதல் 600 மி.மீ. வரை குவியத் தூரம் உடையவை. 600 மி.மீ. வில்லை, 35 மி.மீ. அளவுச் சட்டகத்தில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 4 பாகை அளவுள்ள காட்சியையே காண்கிறது. ஏரிக்கரையில் நிற்பவரின் இரு கண்களும் ஏறத்தாழ அரைவட்டத்தைக் காண்கின்றன. அவ்வரைவட்டத்திலிருந்து ஒரு கீற்றை வெட்டியெடுக்கிறது கேமரா. மேலும், இத்தகைய வில்லையை அகலத் திறந்து எடுக்கும்போது கூர்மை பறவையின் மீது மட்டும் விழுகிறது. அதன் முன்னும் பின்னும் உள்ளவை கரைந்து பச்சையாகவோ சாம்பலாகவோ ஒரு வண்ணத் திரையாகின்றன.

இது கருவியின் குறை அன்று. தொலைவில் உள்ள பறவையை நெருங்காமல், அதைக் கலைக்காமல் காண்பதற்கு உரிய வழி இதுவே. குறை, கருவியின் வரம்பு அழகின் அளவுகோலாக மாறிய இடத்தில் தொடங்குகிறது. படத்தைப் பாராட்டுவோர் வழங்கும் சொற்களைக் கவனித்தால் இது விளங்கும். ‘பின்புலம் தூய்மையாக இருக்கிறது’ என்பது உயர்ந்த பாராட்டு. குறுக்கே ஒரு கிளை, ஒரு மின்கம்பி, கரையில் மேயும் எருமை, மதகின் சிமெண்ட் சுவர், தொலைவில் ஓர் ஆலைப் புகைபோக்கி ஆகியவை ‘அழுக்கு’. சட்டகத்திற்குள் வந்துவிட்டாலும் அவை பின்னர்க் கணினியில் வெட்டப்படுகின்றன, சிலவேளை அழிக்கவும்படுகின்றன. தூய்மை என்னும் இச்சொல் ஏரியைத்தான் அழுக்கெனச் சுட்டுகிறது என்பதை நாம் எண்ணுவதில்லை.

வேடந்தாங்கலில் இதற்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அங்கு பார்வையாளர் நிற்பது ஏரியின் கரைமேல். அக்கரை இல்லையேல் நீரில்லை, நீரில்லையேல் கூடில்லை. கரையின் மேல் நின்று எடுக்கப்படும் எண்ணற்ற படங்களில் கரையைக் காட்டும் படத்தைத் தேடித்தான் காணவேண்டும். ஏரியைக் கட்டியவர்களும் காத்தவர்களும் இவ்வாறு படத்திலிருந்து நீங்குகின்றனர்.

தமிழில் ‘படம் எடுத்தல்’ என்றும் ‘படம் பிடித்தல்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஓரிடத்திலிருந்து ஒன்றைத் தன்பால் கொள்ளும் வினைகள். பறவையைப் பிடித்துச் சென்ற வேடனும் அதன் ஏரியைக் கொண்டுசெல்லவில்லை. இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் தகாது. கேமராவுக்குப் பின் பறவை உயிரோடிருக்கிறது. எனினும் கூடுகளைப் பொறுத்தவரை சட்டமே இவ்வொப்புமையைச் செய்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் வரையறையில், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்குச் சேதம் விளைவிப்பதோடு முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதும் அடங்கும். குஞ்சின் திறந்த வாயை அருகில் காட்டும் படத்தைப் பாராட்டுமுன், அப்படம் எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு நேரத்தில் எடுக்கப்பட்டது எனக் கேட்பது திறனாய்வாளரின் கடமை. தாய்ப்பறவை விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வெயில், காக்கைக்கு வாய்ப்பு.

4. படக்குறிப்பின் மொழி

சட்டகத்திற்குள் வராததைச் சொல்லால் கொண்டுவர இயலும். படக்குறிப்பு அதற்கென அமைந்த இடம். ஆனால் நமது படக்குறிப்புகள் இரண்டு வாய்பாடுகளுள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, ‘வெளிநாட்டு விருந்தினர்’ வாய்பாடு. ஆண்டுதோறும் பருவம் தொடங்கியதும் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வந்து குவிந்துள்ளதாகச் செய்திகள் வருகின்றன. அவற்றோடு மஞ்சள்மூக்கு நாரையின் படமோ கூழைக்கடாவின் படமோ அச்சாகிறது. இவ்விரண்டும் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். நீரும் இரையும் உள்ள இடம் தேடி உள்நாட்டிலேயே இடம்பெயர்பவை. வேடந்தாங்கலில் கூடமைக்கும் நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் ஆகியவையும் இத்தகையவையே. வடக்கிலிருந்து பனிக்காலத்தில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை வருவது உண்மை. ஆனால் அவை இங்கு கூடு கட்டுவதில்லை. ‘இங்கே பிறப்பவை’, ‘இங்கே வந்து தங்குபவை’ என்னும் இவ்வேறுபாடு வெறும் தகவல் திருத்தம் அன்று. ஒரு பறவை விருந்தினர் எனில், அது வராத ஆண்டில் காரணத்தைத் தொலைநாட்டில் தேடலாம். அது இவ்வேரியில் பிறந்த பறவை எனில், காரணத்தை இவ்வேரியிலும் சுற்றியுள்ள ஏரிகளிலும் தேடியாக வேண்டும். விருந்தினர் என்னும் இனிய சொல் நம் பொறுப்பைத் தளர்த்துகிறது.

இரண்டாவது வாய்பாடு, மாந்தவுருவாக்கம். கூட்டில் இருக்கும் பறவைக்குத் ‘தாயன்பு’, இணையாக நிற்கும் பறவைகளுக்குக் ‘காதல்’, தனித்து நிற்பதற்குத் ‘தவம்’. கொக்கின் காத்திருப்பைத் தவமாகக் காண்பது தமிழில் பழகிய உவமைதான். அது கவிதையில் ஏளனத்திற்கும் எச்சரிக்கைக்கும் பயன்பட்டதுண்டு. படக்குறிப்பில் அது எதற்கும் பயன்படுவதில்லை. பறவை என்ன செய்கிறது எனச் சொல்லவேண்டிய இடத்தை நிரப்பிவிடுகிறது.

இவ்விரு வாய்பாடுகளுக்கும் மாற்று, நம் பறவைப் பெயர்களிலேயே உள்ளது. நத்தைகுத்தி என்னும் பெயரை எண்ணிப் பார்க்கலாம். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அலகைக் கொண்டு அப்பறவை நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கிறது. பெயரிட்டவர் பறவையின் இரையைப் பார்த்திருக்கிறார். நத்தை வாழ்வது நெல்வயலிலும் ஆழமற்ற நீரிலும். ஆகவே அப்பெயரை ஒருமுறை சொன்னாலே வயல் உள்ளே வந்துவிடுகிறது. கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா ஆகியவையும் உழைப்பையும் வீட்டையும் நீரையும் அறிந்தவர்கள் இட்ட பெயர்கள். க. ரத்னத்தின் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ போன்ற தொகுப்புகளும், ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய க்ரியாவின் பறவைக் கையேடும் இச்சொற்செல்வத்தை ஒழுங்குபடுத்தித் தந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் படக்குறிப்பு, அடைமொழி ஏதுமின்றியே பொருள் செறிந்ததாகும்.

5. செங்கால் நாரை: ஒரு பழைய அளவுகோல்

பறவையையும் இடத்தையும் ஒருங்கே காட்டும் திறனுக்குத் தமிழில் பலரும் அறிந்த சான்று சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு பாடல். அதனைத் தூதிலக்கியமாகவும் வறுமைப் பாடலாகவும் படித்திருக்கிறோம். பறவை நோக்குநர் அதனை இன்னொரு முறையில் படிக்கலாம்.

முதலில் பறவையின் அடையாளம். கால் சிவப்பு, அலகு பவள நிறம், கூர்மையானது, பிளந்த பனங்கிழங்கின் வடிவம் உடையது. வேடந்தாங்கலில் கூடமைக்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கு அலகு மஞ்சள். நத்தைகுத்திக்கு அலகு சாம்பல் நிறம். சிவந்த காலும் சிவந்த அலகும் ஒருசேரப் பெற்று, குமரித் திசைவரை வந்து வடக்கு நோக்கித் திரும்பும் நாரை எனில், பனிக்காலத்தில் வலசை வரும் வெண்ணாரையே இக்குறிப்புகளுக்குப் பெரிதும் பொருந்துகிறது. பாடல் தரும் குறிப்புகளைக் கொண்டே இனத்தை இவ்வளவு நெருங்கிச் சுட்ட முடிகிறது என்பது புலவரின் நோக்குத் திறனுக்குச் சான்று. உவமையும் இங்கே அணியாக மட்டும் நிற்கவில்லை. பனங்கிழங்கை அறிந்த எவரும் அப்பறவையைக் கண்டதும் அடையாளம் காண உதவும் கையேட்டுக் குறிப்பாகவும் செயற்படுகிறது.

அடுத்து இடம். புலவர் நாரையை வெற்று வானில் பறக்கவிடவில்லை. அது தம் ஊர்க் குளத்தில் தங்கவேண்டும் என்கிறார். அங்கிருந்து மழையில் நனைந்த சுவரையுடைய தம் வீட்டையும், அதிற் காத்திருக்கும் மனைவியையும் காணவேண்டும் என்கிறார். பறவை, அதன் வலசைப் பாதை, ஊர், நீர்நிலை, வீடு, வறுமை ஆகிய அனைத்தும் ஒரே சிறு பாடலில் கூர்மையாக உள்ளன. எதுவும் மங்கவில்லை. பறவையைத் தெளிவாகக் காட்டுவதற்கு ஊரை மங்கச்செய்ய வேண்டியதில்லை என்பதை இப்பாடல் மெய்ப்பிக்கிறது.

சொல்லுக்கு இயன்றது வில்லைக்கு இயலுமா என்பது நியாயமான மறுப்பு. ஒரே படத்தில் இயலாமற் போகலாம். ஆனால் படத்தொடரில் இயலும். அகன்ற கோணத்தில் எடுத்த ஒரு படத்தை அருகில் வைத்தால் இயலும். குறிப்பில் நான்கு சொற்கள் சேர்த்தால் இயலும். இவற்றைச் செய்து காட்டியவர் நம்மிடையே இருந்திருக்கிறார்.

6. மா. கிருஷ்ணன்: இடையில் நின்ற மரபு

மா. கிருஷ்ணன் (1912–1996) ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தம் இறுதிவரை இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதியவர். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரனின் முயற்சியால் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தொகுப்பாக வெளிவந்துள்ளன. வேடந்தாங்கல் பறவைகளையும் நெருங்கிக் கவனித்து எழுதியவர் அவர்.

பல பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கேமராவில், கறுப்பு-வெள்ளையில் படமெடுத்தார் கிருஷ்ணன். வண்ணப் படம் எளிதாகிவிட்ட காலத்திலும் அவர் கறுப்பு-வெள்ளையை விடவில்லை. இத்தேர்வை முதியவரின் பிடிவாதமாகக் காண்பது மேலோட்டமானது. வண்ணம் நீங்கும்போது கண்ணைப் பறிக்கும் இறகு முன்னிலை இழக்கிறது. உருவம், நிற்கும் முறை, சூழ்ந்துள்ள புல், மரம், நிலம் ஆகியவை ஒரே தளத்திற்கு வருகின்றன. அவருடைய படங்களில் உயிரினம் தன் நிலத்தில் நிற்கிறது. அது நம்மை நோக்கிக் காட்சி தரவில்லை; தன் வேலையைப் பார்க்கிறது.

எழுத்திலும் அவர் அரியதை மட்டும் தேடவில்லை. காக்கை, அணில், குயில், மைனா என வீட்டைச் சுற்றி வாழ்வனவே அவர் பத்திகளில் மிகுதி. பறவையின் நடத்தையை முதலில் விவரிப்பதும், முடிவைப் பின்னர்ச் சொல்வதும், இடையில் தம் ஐயத்தை மறைக்காததும் அவர் முறை. இன்றைய படக்குறிப்புகளோடு ஒப்பிட, அவற்றில் இல்லாதது எது என்பது தெளிவாகிறது. அது வினைச்சொல். பறவை எப்படி இருக்கிறது எனச் சொல்லும் பெயரடைகள் பெருகியுள்ளன. என்ன செய்கிறது எனச் சொல்லும் வினைகள் குறைந்துள்ளன.

‘காட்டுயிர்’ போன்ற கலைச்சொற்களைப் பரப்பி, சூழலியலைத் தமிழ்க் கட்டுரையின் பொருளாக்கிய தியடோர் பாஸ்கரனின் எழுத்தும் இம்மரபின் தொடர்ச்சியே. ஆயினும் கட்டுரையில் தொடர்ந்த மரபு ஒளிப்படத்தில் தொடரவில்லை. எழுதுவோர் ஏரியைப் பேசுகின்றனர். படமெடுப்போர் பறவையைக் காட்டுகின்றனர். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சானாலும் சந்திப்பதில்லை.

7. பட்டியலின் நேர்மை

ஒளிப்படத்தோடு ஒப்பிடத்தக்க மற்றொரு பதிவு முறை பறவைப் பட்டியல். 2002-இல் தொடங்கப்பட்ட ‘ஈ-பேர்டு’ தளத்தின் வழியே எவரும் தாம் கண்ட பறவைகளை இடம், நாள், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றுடன் பதியலாம். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடைபெற்று வருகிறது. இத்தகைய பதிவுகளைத் திரட்டி 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் பதிந்த ஏறத்தாழ 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு கிடைத்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவருவதாகக் கண்டது.

இலக்கிய நயம் ஏதுமற்ற இப்பட்டியலில் ஒளிப்படத்தில் இல்லாத இரு பண்புகள் உள்ளன. ஒன்று, காக்கையும் கரண்டிவாயனும் அதில் ஒரே அளவு எழுத்தில் உள்ளன. எளியது என்பதற்காக எதுவும் விலக்கப்படுவதில்லை. மற்றொன்று, முழுமையான பட்டியலில் இல்லாமையும் பொருள் பெறுகிறது. கண்டதை எல்லாம் பதிந்த ஒருவரின் பட்டியலில் ஒரு பறவை இல்லை எனில், அவ்வின்மை ஒரு செய்தி. ஒளிப்படத்தால் இல்லாமையைக் காட்ட இயலாது. பறவை வராத மரத்தை எவரும் படமெடுப்பதில்லை. எடுத்தாலும் கண்காட்சியில் வைப்பதில்லை. வறண்ட ஆண்டின் வேடந்தாங்கல் நம் படத்தொகுப்புகளில் அரிதாக இருப்பது இதனாலேயே.

இதனால் பட்டியலே போதும் என்பது பொருளன்று. எண்ணிக்கை எவரையும் ஏரிக்கரைக்கு அழைத்து வருவதில்லை. படமே அழைத்து வருகிறது. பட்டியலில் பதியப்படும் அரிய பறவைக்குச் சான்றாவதும் படமே. அன்றியும், பறவையைச் சுட்டு வீழ்த்திப் பதனிட்டு ஆராய்ந்த காலத்தை மாற்றியதில் ஒளிப்படத்திற்குப் பெரும் பங்குண்டு. பட்டியலின் நேர்மையில் ஒரு பகுதியைப் படமும் ஏற்கவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

8. ஐந்து கிலோமீட்டர்: ஒரு நடைமுறைச் சோதனை

இதுவரை கூறியது அழகியல் வினா போலத் தோன்றலாம். 2020-ஆம் ஆண்டின் நிகழ்வு அவ்வாறன்று எனக் காட்டுகிறது.

1998-இல் வெளியான அரசு அறிவிப்பின்படி வேடந்தாங்கல் சரணாலயம் என்பது ஏரி மட்டுமன்று. ஏரியும் அதனைச் சூழ்ந்த 5 கி.மீ. ஆரமுள்ள பகுதியும் ஆகும். 2020-இல் இவ்வாரத்தை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் முன்மொழிவு பற்றிய செய்தி வெளியானது. சூழலியலாளரும் பொதுமக்களும் அதனை எதிர்த்தனர். அப்பகுதியில் ஆலைகள் விரிவடைவது குறித்த கவலையும் அவ்விவாதத்தில் இடம்பெற்றது.

எளிய கணக்கு ஒன்று இங்கு தேவைப்படுகிறது. 5 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78.5 ச.கி.மீ.; 3 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 28.3 ச.கி.மீ. ஆரத்தில் இரண்டு கி.மீ. குறைவது சிறிதாக ஒலிக்கிறது. பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு போகிறது. மறுபுறம், 30 ஹெக்டேர் ஏரி என்பது 0.3 ச.கி.மீ.; அறிவிக்கப்பட்ட முழுப் பரப்பில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. நம் ஒளிப்படங்களில் பெரும்பான்மை இந்த அரை விழுக்காட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்டவை; அதிலும் கரைக்கு அண்மையிலுள்ள சில மரங்களில்.

கூடு இருக்கும் இடம் ஏரி. இரை கிடைக்கும் இடமோ சுற்றியுள்ள வயல்களும் குட்டைகளும் பிற ஏரிகளும். நத்தைகுத்தி வயலுக்குச் செல்லாமல் குஞ்சை வளர்க்க இயலாது. இவ்வுண்மையைப் படங்கள் காட்டியிருந்தால், ‘பறவைகள் ஏரியில்தானே இருக்கின்றன, அத்தனை தொலைவு எதற்கு?’ என்னும் வினா பொதுமக்கள் மனத்தில் எழ இடமிருந்திராது. வேடந்தாங்கல் என்றால் கூடுகள் நிறைந்த மரம் எனப் பழக்கப்படுத்தப்பட்ட கண்ணுக்கு, நான்காம் கிலோமீட்டரில் உள்ள சேற்று வயல் சரணாலயமாகத் தெரிவதில்லை. எல்லையைச் சுருக்க விரும்புவோர்க்கு ஒளிப்படக்கலைஞர்கள் துணைநின்றனர் எனக் கூறுவது அநீதி. அவர்களுள் பலர் எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றிருக்கக்கூடும். ஆனால் அவர்களின் படங்கள் அவர்களின் வாதத்திற்குத் துணைநிற்க இயலாதவையாக இருந்தன என்பதே இத்திறனாய்வின் முடிவு.

கரிக்கிலியின் நிலை இதனை மேலும் உறுதிசெய்கிறது. 1989-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கரிக்கிலி, பரப்பில் வேடந்தாங்கல் ஏரியைப் போல் இருமடங்கு. ஏறத்தாழ 61 ஹெக்டேர். இரண்டும் அண்மையில் உள்ளவை. நீர், இரை ஆகியவற்றின் நிலைக்கேற்பப் பறவைகள் பயன்படுத்தும் ஒரே ஏரித்தொகுதியைச் சேர்ந்தவை. 2022-இல் இரண்டும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ச் சிறப்பிடம் பெற்றன. எனினும் கரிக்கிலி அறியப்பட்ட அளவு மிகக் குறைவு. ஓர் ஏரி புகழ்பெற, அதன் துணையேரி நிழலில் நிற்கிறது. பெயர் பெறாத தாங்கல்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

9. முடிவுரை

காஞ்சிபுர வட்டார நீர்நிலைப் பறவை ஒளிப்படங்கள் நுட்பத்தில் உயர்ந்தவை. பறவையின் உருவை இதற்கு முன் எக்காலத்தும் இல்லாத தெளிவோடு நமக்குத் தந்துள்ளன. அத்தெளிவுக்குக் கொடுத்த விலை ஏரி. கருவியின் வரம்பு அழகின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டதும், படக்குறிப்பு வாய்பாடாகச் சுருங்கியதும் இதற்குக் காரணங்கள். சத்திமுத்தப் புலவரின் பாடலும் மா. கிருஷ்ணனின் பணியும், பறவையையும் அதன் நிலத்தையும் ஒருங்கே கூர்மையாகக் காட்டும் மரபு தமிழில் உண்டு என்பதை நிறுவுகின்றன.

இனி ஒரு பறவைப் படத்தொகுப்பை மதிப்பிடும்போது கீழ்வரும் வினாக்களை எழுப்பலாம். தொகுப்பில் கரையும் மதகும் தெரியும் ஒரு படமேனும் உள்ளதா? பறவை இரை கொள்ளும் இடம் காட்டப்பட்டுள்ளதா? குறிப்பில் ஏரியின் பெயரும் நாளும் நீரின் நிலையும் உள்ளனவா? பறவைக்கு உள்ளூரில் வழங்கும் பெயர் தரப்பட்டுள்ளதா? கூட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் எடுக்கப்பட்டது எனக் கூறப்பட்டுள்ளதா? பறவை வராத ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டுள்ளதா? இவற்றுள் எதற்கும் புதிய கருவி தேவையில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் ஏரிக்கென ஒரு வாரியம் இருந்தது. அவ்வாரியத்தார் பறவைக்காக ஏரியைக் காக்கவில்லை, நெல்லுக்காகக் காத்தனர். வேடந்தாங்கல் ஊராரும் அவ்வாறே தம் வயலுக்காகப் பறவையைக் காத்தனர். பறவையை அதன் அழகுக்காக நேசிக்கும் இன்றைய தலைமுறை அவர்களைவிட மேலான காரணத்தைக் கொண்டிருப்பதாக எண்ணக்கூடும். அவ்வாறாயின், அவர்கள் கண்ட அளவு நிலத்தையாவது இத்தலைமுறையின் படங்கள் காட்டவேண்டும்.